விளையாட்டுச் சிகிச்சை படிக்கும் மகள் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்க முன்

அம்மா, உளவியல் பட்டம் முடித்த மகள் விளையாட்டுச் சிகிச்சைப் பயிற்சிக்குப் போகிறா, அடுத்த தவணை கிளினிக்கில் பிள்ளைகளை நேரே பார்க்க வேணும், இரவில் நித்திரையில்லாமல் யோசிக்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். "சின்னப்பிள்ளையளோட விளையாடுறதுக்கு இவ்வளவு பயம் ஏன்?" என்றும் கேட்கிறீர்கள். அந்தப் பயம் இருக்கட்டும். பயமில்லாமல் உள்ளே போகிறவர்கள்தான் பத்தாவது நிமிடத்திலேயே பிள்ளைக்குப் பாடம் எடுக்கத் தொடங்குகிறார்கள்.

விளையாட்டுச் சிகிச்சை என்பது, வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளை விளையாட்டால் வெளிப்படுத்த இடம்கொடுக்கும் உளச்சிகிச்சை. இந்த வேலையில் கஷ்டமானது, விளையாட்டை நாங்கள் நடத்தாமல் இருப்பது. 1940களில் அமெரிக்க உளவியலாளர் வேர்ஜீனியா அக்ஸ்லைன் வகுத்த பிள்ளைமைய முறையில் வழி காட்டுவது பிள்ளை. சிகிச்சையாளர் பின்னால் போவார். பெரும்பாலும் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகள், வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம். ரியூசனிலேயே வளர்ந்த எங்களுக்கு இது இலேசில் வராது. பிள்ளை படம் கீறி முடிக்க முன்னமே "வடிவாயிருக்கு, கெட்டிக்காரி" என்று வாய் சொல்லிவிடும். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த தாளிலும் பாராட்டுக் கிடைக்கும் படத்தையே கீறும்: ஓட்டு வீடு, தென்னை, சூரியன். கீற வந்த விசயம் உள்ளேயே நின்றுவிடும். "முழுத்தாளையும் கறுப்பால நிரப்பிட்டீங்கள்" என்று கண்டதைக் கண்டபடி சொல்லப் பழகவேண்டும். பிள்ளை ஒரு மரக்கட்டையைத் தூக்கி "இது என்ன?" என்றால், "நீங்கள் நினைக்கிறது எதுவாவும் இருக்கலாம்" என்பது போதும். நாங்கள் "பஸ்" என்றால் அது பஸ்தான். பிள்ளையின் மனதில் அது சவப்பெட்டியாக இருந்திருக்கலாம்.

இதற்கு ஒரு பயிற்சி. முதலில் சகமாணவர் ஒருவர் பிள்ளையாக நடிக்க, பிறகு பெரிய பிரச்சினை எதுவும் இல்லாத பிள்ளைகளோடு, பெற்றோரின் எழுத்துச் சம்மதத்துடன் மூன்று நான்கு அமர்வுகள். ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து, நடுவில் 15 நிமிடத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதி, தன் ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே கேள்வியா, புகழ்ச்சியா, அறிவுறுத்தலா, பிரதிபலிப்பா (கண்டதைக் கண்டபடி திருப்பிச் சொல்வது) என்று குறிக்கவேண்டும். ஆரம்பத்தில் கேள்விகளே தாளை நிறைக்கும். அந்த எண்ணிக்கை குறைந்து பிரதிபலிப்புக் கூடினால் மகள் ஆயத்தம். பெரியம்மாவின் பேரன், பக்கத்து வீட்டுப் பிள்ளை வேண்டாம். சிகிச்சையாளரா, சொந்தக்காரியா என்பது குழம்பும், பிறகு இருபக்கமும் மனஸ்தாபம்.

அதிகம் தடுமாறும் இடம் எல்லை வைப்பது. பிள்ளை மண்ணை அள்ளி முகத்துக்கு எறியப் பார்க்கிறான். மூன்று படிகள், அதே ஒழுங்கில்: "உங்களுக்குச் சரியான கோபம். என்மேல மண் எறியிறதில்லை. அந்தத் தலையணைக்கு எறியலாம்." உணர்வு முதலில், எல்லை அடுத்தது, மாற்றுவழி கடைசி. பயிலுநர்கள் உணர்வை விட்டுவிட்டு நேரே தடையைச் சொல்வார்கள், அல்லது "எறியக்கூடாது, என்ன?" என்று கெஞ்சும் குரலில் முடிப்பார்கள். பிள்ளைக்கு அது பேரம் பேசலாம் என்ற அழைப்பு. கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சாமான்களுக்கு வெளிநாட்டுப் பெட்டி வாங்கிக் காசைக் கொட்டவேண்டாம். மூன்று வகை இருந்தால் சரி: வீட்டு வாழ்க்கைச் சாமான்கள் (எங்கள் நிறத்திலுள்ள பாவைக் குடும்பம், சமையல் சாமான், வைத்தியர் பெட்டி, ஓட்டோ, பஸ்), கோபத்தை இறக்குபவை (முதலை, பாம்பு, சிப்பாய்ப் பொம்மைகள், தலையணை), ஆக்கத்துக்கானவை (களி, கிறேயோன், துணித்துண்டு). பிள்ளை மண்ணில் காட்சி அமைத்து விளையாடும் மண்பெட்டி ஏறத்தாழ 28 அங்குல நீளம், 19 அங்குல அகலம், 3 அங்குல ஆழம். உட்புறம் நீலம் பூசினால் மண்ணை ஒதுக்கும்போது தண்ணீர் தெரியும். மண்ணைக் கழுவிக் காயவைக்கவேண்டும். பற்றரியில் தானாக ஓடுபவை, உடைந்தவை, சரி பிழை உள்ள விளையாட்டுகள் உதவாது. தனி அறை கிடைக்காவிட்டால் ஒரு பாயும் பையும் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சாமான் அதே இடத்தில் இருக்கவேண்டும். அமர்வு முடிய 5 நிமிடம் இருக்கும்போதும், பிறகு 1 நிமிடம் இருக்கும்போதும் பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.

இன்று கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் 2009இல் இலங்கைப் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். சண்டையைக் கண்டது அவர்களின் தாய் தகப்பன். ஆனபடியால் பிள்ளையைப் பார்க்க முன் பெற்றோரோடு தனியே ஒரு மணித்தியாலம் கதைக்காமல் தொடங்கக்கூடாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கடி என்று வரும் பிள்ளைக்குப் பின்னால் தகப்பனின் குடியோ, வெளிநாடு போன தாயோ இருக்கலாம்.

பிள்ளை துன்புறுத்தலைச் சொன்னால் துருவிக் கேட்கக்கூடாது. கேள்வியே பதிலை ஊட்டிவிடும், பின்னர் நீதிமன்றத்தில் வாக்குமூலம் பலவீனமாகும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதி, அன்றே மேற்பார்வையாளருக்கு அறிவிக்கவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929 கையில் இருக்கட்டும்.

படிப்பிக்கும் நிறுவனத்திடம் நீங்கள் கேட்கவேண்டியது சான்றிதழைப் பற்றியல்ல. மேற்பார்வை எத்தனை மணித்தியாலம்? அமர்வின் வீடியோவைப் பார்ப்பவருக்குத் தமிழ் விளங்குமா? அமெரிக்க விளையாட்டுச் சிகிச்சைச் சங்கம், தன்னிடம் சிகிச்சையாளராகப் பதிவுசெய்ய முதுமாணிப் பட்டமும் தொழில் உரிமமும் கேட்கிறது. அவற்றோடு 150 மணித்தியாலக் கற்கை, 350 மணித்தியால நேரடி வேலை, 35 மணித்தியால மேற்பார்வை. இங்கே அது கட்டாயமில்லை, ஆனால் அளவுகோலாக வைத்துப் பாருங்கள். வார இறுதி இரண்டு நாள் பயிலரங்கோடு "சிகிச்சையாளர்" ஆக்கிவிடுகிறோம் என்பவர்களுக்குக் காசு கட்டாதீர்கள்.

வேலை என்று பார்த்தால், அந்தப் பெயரில் நியமனக் கடிதம் வரும் என்று காத்திருக்கவேண்டாம். அடிப்படைத் தொழிலின் மேல் ஏறும் திறமை இது: உளவளத்துணை, சமூகப்பணி, பேச்சுச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, விசேட கல்வி. மகள் மேலே போக விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் எம்.பில். ஒரு வழி, சமூகப்பணி என்றால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம்.

கடைசியாக உங்கள் பங்கு. யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நல்லூர்த் திருவிழாவில் ஒரு தாய் மகளை மறித்து "என்ர பிள்ளை என்ன சொன்னவன்?" என்று கேட்பா. "அம்மா, கிளினிக்கில சந்திக்கேக்க கதைப்பம்" என்ற ஒரே பதிலை மகள் பழகிவைக்கட்டும். கிளினிக் நாளில் வந்தவுடன் "இண்டைக்கு ஆரிட பிள்ளை?" என்று நீங்களும் கேட்காதீர்கள். அமர்வுக் குறிப்பு அன்றே எழுதப்படவேண்டும். தேத்தண்ணியைக் கொடுத்து அரை மணித்தியாலம் தனியே விடுங்கள்.