குருத்வாராவில் குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மகளுக்கு லூதியானாவில் கல்யாணம். காலையில் குருத்வாராவில் வைத்திருக்கிறார்கள். நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமியார் என நான்கு பேர் போகிறோம். உள்ளே ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும் என்கிறார்கள். இது கட்டாயமா? எல்லோரும் சமம் என்று சொல்லும் மதத்தில் ஏன் இப்படி? மாமியாருக்கு முட்டி வலி, தரையில் உட்கார முடியாது. பையன் யாரோடு உட்காருவான்?"

கடைசிக் கேள்விதான் சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். பையன் உங்களோடும் உட்காரலாம், அப்பாவோடும் உட்காரலாம். பாதியில் எழுந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பஞ்சாபில் பிள்ளைகள் அப்படித்தான் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். அவன் தலையில் துணி மட்டும் கட்டியிருக்க வேண்டும். வாசலில் ஒரு கூடையில் காவி, மஞ்சள், நீல நிறக் கைக்குட்டைகள் போட்டு வைத்திருப்பார்கள். முக்கோணமாக மடித்துப் பின்னால் முடிச்சுப் போட்டால் போதும். சின்னப் பையன்களுக்கு அது அடிக்கடி வழுக்கி விழும். பக்கத்தில் இருப்பவர் யாரோ ஒருவர், கேட்காமலே, மறுபடி கட்டிவிடுவார்.

இனி மண்டபத்துக்கு வருவோம். நீளமான கூடம், தரை முழுக்க விரிப்பு, அதன் மேல் வெள்ளைத் துணி. வாசலிலிருந்து நேராக நடுவில் ஒரு பாதை, அதற்குத் தனிக் கம்பளம். பாதை முடியும் இடத்தில் மேடை. மேலே விதானம், கீழே ருமாலா என்னும் பட்டுத் துணிகளுக்கு நடுவே சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப். பின்னால் ஒருவர் உட்கார்ந்து சாமரம் வீசிக்கொண்டிருப்பார். நீங்கள் அந்தப் பாதையில் நடந்து போய், மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்கி, விருப்பமிருந்தால் காணிக்கை வைத்துவிட்டு, ஒதுங்கி ஒரு பக்கமாக உட்கார வேண்டும். பாதைக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். எது எந்தப் பக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதனால் மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டாம். நுழையும்போதே ஒரு பார்வை பார்த்தால் தலைப்பாகைகள் எங்கே, துப்பட்டாக்கள் எங்கே என்று தெரிந்துவிடும்.

சரி, இது கட்டாயமா? சீக்கியர்களின் நடைமுறை விதிகளைத் தொகுத்த நூல் 'ரஹத் மர்யாதா'. குருத்வாராக்களை நிர்வகிக்கும் ஷிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அதற்கு 1945-இல் இறுதி வடிவம் கொடுத்தது. சங்கத்தில், அதாவது கூடியிருக்கும் சபையில், எப்படி இருக்க வேண்டும் என்று அது விரிவாகவே சொல்கிறது. தலையை மூட வேண்டும். குரு கிரந்த் சாகிபின் முன்னால் யாரும் நாற்காலி, மெத்தை என்று தனி ஆசனம் போட்டுக்கொள்ளக் கூடாது. சாதி, மதம் பார்த்து உட்கார வைக்கக் கூடாது. பெண்கள் முகத்திரை போட்டுக்கொண்டு சபையில் உட்காருவது குருவின் வழிக்கு மாறானது என்று தனியாகவே குறிப்பிடுகிறது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற விதி மட்டும் அதில் கிடையாது. ஆக, நீங்கள் கேள்விப்பட்டது வழக்கம். பஞ்சாபில் பெரும்பாலான குருத்வாராக்களில் இருக்கும் வலுவான வழக்கம், அவ்வளவுதான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். அந்தக் கூடத்தில் முட்டியோடு முட்டி இடிக்கும்படி தரையில் உட்காருகிறார்கள். திருவிழா நாளில் ஒரு ஆள் இடத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், காலை மாற்றி மாற்றிப் போடும் பாட்டிகள் எல்லாம் ஒன்றாக இருப்பது பெண்களுக்கே வசதியாக இருந்திருக்கும். அதோடு, பஞ்சாபின் கிராம வாழ்க்கையில் ஆண்கள் கூடும் இடமும் பெண்கள் கூடும் இடமும் முன்பிருந்தே வேறு வேறு. அந்தப் பழக்கம் குருத்வாராவுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் யாரும் சொல்லாமலே பெண்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்து உட்காருவதில்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

'எல்லோரும் சமம் என்று சொல்லும் மதத்தில் ஏன்' என்ற உங்கள் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். நியாயமான கேள்வி. அரசர்களையே பெற்றுத் தருகிறவளை எப்படித் தாழ்வாகப் பேச முடியும் என்று குரு நானக் பாடியிருக்கிறார். அந்தப் பாடல் குரு கிரந்த் சாகிபின் 473-ஆம் பக்கத்தில் இருக்கிறது, பல குருத்வாராக்களில் காலை நேரத்தில் பாடுகிறார்கள். மூன்றாவது குரு அமர் தாஸ் பெண்கள் முகத்தை மூடுவதையும் உடன்கட்டை ஏறுவதையும் எதிர்த்தவர். இப்படிப்பட்ட பின்னணி இருக்கும்போது, தனித்தனியாக உட்காருவதை 'மதம் சொல்கிறது' என்று யாராவது உங்களிடம் விளக்கினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பெண்கள் ஆண்களுக்குப் பின்னால் உட்காருவதில்லை. இடையில் திரையோ தட்டியோ இருக்காது. இரண்டு பக்கமும் மேடையிலிருந்து ஒரே தூரம். முன்வரிசைப் பெண்ணுக்கும் முன்வரிசை ஆணுக்கும் குரு கிரந்த் சாகிப் ஒரே மாதிரி தெரியும். இதனால்தான் இந்தப் பிரிவு என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. என்னை வருத்துவது வேறொன்று. அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாகிபின், அதாவது பொற்கோயிலின், உள்ளே கீர்த்தனை பாடுவது இன்றுவரை ஆண்கள்தான். மற்ற குருத்வாராக்களில் பெண்கள் தாராளமாகப் பாடுகிறார்கள். சீக்கிய தீட்சையில் அமிர்தம் வழங்கும் ஐந்து பேரில் பெண்களும் இருக்கலாம் என்று ரஹத் மர்யாதாவே சொல்கிறது. 1999-இல் பீபி ஜாகிர் கௌர் ஷிரோமணி கமிட்டிக்கே தலைவரானார். அப்படியிருந்தும் அந்த ஒரு இடத்தில் மட்டும் கதவு திறக்கவில்லை. பெண்களையும் பாட அனுமதிக்க வேண்டும் என்று பஞ்சாப் சட்டமன்றம் 2019 நவம்பரில் தீர்மானமே போட்டது. சமத்துவக் கணக்கைப் பார்ப்பதென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கூட்டம் குறைவான நாளில், கூடத்தின் பின்பகுதியில், குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் போவது கல்யாணத்துக்கு. கூடம் நிறைந்திருக்கும். பெண்கள் கூட்டத்தின் நடுவில் உங்கள் கணவர் உட்கார்ந்தால், 'வீர்ஜி, அந்தப் பக்கம்' என்று ஒரு சேவாதார், அதாவது அங்கே தொண்டு செய்பவர், தன்மையாகக் கை காட்டலாம். வீர்ஜி என்றால் அண்ணா. அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் வழக்கத்தோடு போய்விடுங்கள் என்பதுதான் என் யோசனை. மாமியாருக்கு உங்கள் கணவரின் துணை வேண்டுமென்றால் மட்டும் சேவாதாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கையைக் காலைப் பிடித்துத் தூக்கிவிட அவருடைய மகன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் மறுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

மாமியாரின் நாற்காலிக்கு வருகிறேன். தரையில் உட்காருவது சீக்கியர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. லங்கரில், அதாவது எல்லோருக்கும் சாப்பாடு போடும் பொதுப் பந்தியில், மேசை நாற்காலி போடலாமா என்று 1990-களில் கனடாவில் பெரிய தகராறே நடந்து, தரையில்தான் உட்கார வேண்டும் என்று 1998-இல் சீக்கியர்களின் உயர்ந்த சமய பீடமான அகால் தக்த் ஆணை பிறப்பித்தது. காரணம் எளிமையானது: யாரும் யாரையும்விட உயரத்தில் இருக்கக் கூடாது. இவ்வளவு கண்டிப்பு இருந்தும், முதியவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் கைவிடுவதில்லை. பல குருத்வாராக்களில் கூடத்தின் கடைசியில், சுவரை ஒட்டி, தாழ்வான பெஞ்சோ நாற்காலிகளோ போட்டிருப்பார்கள். வாசலில் நிற்பவரிடம் மாமியாரைக் காட்டி 'கோடே' என்று சொல்லி முட்டியைத் தொட்டுக் காட்டினாலே புரிந்துவிடும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள மட்டும் முயல வேண்டாம். தரையில் உட்காருகிற நீங்கள் சம்மணம் போடலாம், ஒரு பக்கமாகக் காலை மடித்து வைக்கலாம். காலை மேடையை நோக்கி நீட்டக் கூடாது.

கல்யாணத்தில் ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். கூடம் இரண்டாகப் பிரிந்திருக்க, குரு கிரந்த் சாகிபுக்கு நேர் முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பெண் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம். மாப்பிள்ளையின் தோளில் கிடக்கும் நீளத் துண்டின் முனையைப் பெண்ணின் அப்பா எடுத்து அவள் கையில் கொடுப்பார். நான்காவது குரு ராம் தாஸ் இயற்றிய நான்கு லாவான் பாடல்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, பிறகு பாடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் இருவரும் ஒரு முறை வலம் வருவார்கள். பல குடும்பங்களில் பெண்ணின் அண்ணன் தம்பிகள் வழி நெடுக நின்று, அவள் கையைப் பிடித்து ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒப்படைப்பார்கள். பெண்கள் பக்கத்தில் முன்னால் இடம் கிடைத்தால் இதை ஐந்தடி தூரத்தில் பார்க்கலாம். அதற்காகவாவது கொஞ்சம் சீக்கிரம் போங்கள்.

லங்கரில் இந்தப் பிரிவு பெரும்பாலும் தளர்ந்துவிடும். அங்கே பங்கத், நம் பந்தி மாதிரி நீள வரிசை. குடும்பமாக வந்தவர்கள் குடும்பமாகவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் இருந்ததுபோல ஆண்களுக்கு முதல் பந்தி, பெண்களுக்குக் கடைசிப் பந்தி என்பது அங்கே கிடையாது. சமைப்பதிலும் பாத்திரம் துலக்குவதிலும் ஆண், பெண் இருவரும் இருப்பார்கள். இரண்டாவது குருவின் மனைவி மாதா கீவியின் கையால் லங்கரில் நெய் விட்ட பாயசம் பரிமாறப்பட்டதை குரு கிரந்த் சாகிபே பெயர் சொல்லிப் பாடுகிறது. ரொட்டியை இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்குங்கள். கூடத்தில் தரும் கடா பிரசாதத்துக்கும் அப்படியே. கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த சூடான அல்வா அது. மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் 'தோடா ஜி' என்றால் போதும், கொஞ்சமாகத்தான் வைப்பார்கள். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்வதைவிட அது நல்லது.

கடைசியாக, பிரிந்து உட்காருவதால் வரும் ஒரு நடைமுறைச் சங்கடம். செருப்பை ஜோடா கர் என்ற இடத்தில் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். நான்கு பேருக்கும் ஒரே டோக்கன் வாங்கி அதைக் கணவர் சட்டைப்பையில் வைத்துவிட்டால், முதலில் வெளியே வரும் நீங்களும் மாமியாரும் ஜனவரிக் குளிரில் வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நிற்க வேண்டியிருக்கும். பெண்கள் செருப்புக்கு ஒன்று, ஆண்கள் செருப்புக்கு ஒன்று என்று இரண்டு டோக்கனாக வாங்கிக்கொள்ளுங்கள்.