வாசகர் கேள்வி பதில்: காஸ் ஹீட்டரும் அடைத்த யன்னலும்

கேள்வி: குளியலறைக்குள் ஆறு லீற்றர் காஸ் ஹீட்டர் பூட்டியிருக்கிறோம். புகைக்குழாய் இல்லை. மார்கழி மழைக்கு யன்னலை அடைத்துவிட்டுக் குளித்தால் தலை சுற்றுகிறது, சுவாலையும் மஞ்சளாக எரிகிறது. சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. காஸ் எங்கே கசிகிறது? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: காஸ் கசியவில்லை அம்மா, எரிவதற்குக் காற்றுப் போதவில்லை. இன்றே அந்த ஹீட்டரை நிறுத்துங்கள்.

இந்த அளவு ஹீட்டர் முழுவேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கிராம் காஸ் எரிக்கும். ஒரு கிலோ காஸுக்குப் பன்னிரண்டு கன மீற்றர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறையில் இருப்பதே ஏழு கன மீற்றருக்கும் குறைவு. பத்து நிமிடக் குளிப்பில் அதில் கால்பங்கு போய்விடும், எரிந்த புகையோ உள்ளேயே நிற்கும். காற்றுக் குறையக் குறைய அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. காஸில் கலந்திருக்கும் நாற்றம் கசிவைக் காட்டுமே தவிர இதைக் காட்டாது. தலைச்சுற்று, தலையிடி, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். யாராவது மயங்கினால் வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வந்து 1990க்கு அழையுங்கள்.

யன்னலைத் திறந்து வைப்பது தீர்வல்ல. மழை வந்தால் திரும்பவும் அடைப்பீர்கள். ஹீட்டரைக் கழற்றி வெளிச்சுவரில், தாழ்வாரத்தின் கீழ், யன்னலிலிருந்து தள்ளிப் பூட்டுவித்துச் சுடுதண்ணீர்ப் பைப்பை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பூட்டுபவரிடம் காஸ் எரியும் பகுதியான பேணரையும் காட்டுங்கள். நம் பக்கத்தில் ஹீட்டர் மார்கழி, தையில்தான் வேலை செய்யும். மற்ற மாதங்களில் காற்று இழுக்கும் வாயில் சிலந்தி வலை கட்டும், அதனாலும் சுவாலை மஞ்சளாகும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். காஸ் வரும் சிறு துவாரத்தை ஊசியால் குத்தினால் பெருத்துவிடும், பிறகு புகை இன்னும் கூடும். சுவாலை நீலமாகிவிட்டதென்று மறுபடி உள்ளே பூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் விடுதியில் ஹீட்டருக்குப் புகைக்குழாய் இருக்கிறது. ஆனாலும் மேல்மூடியில் கரி படிகிறது. சோளகம் வீசும்போது கூடுதல். (வவுனியா)

பதில்: புகை திரும்பி வருகிறது. கதவு, யன்னல்களைச் சாத்தி, எக்ஸோஸ்ட் பேனையும் போட்டு, ஹீட்டரை ஐந்து நிமிடம் எரியவிடுங்கள். பைப் தொடங்கும் இடத்தின் விளிம்பில் சாம்பிராணிக்குச்சியைப் பிடியுங்கள். குச்சியின் புகை குழாய்க்குள் இழுபட்டால் நல்லது. உங்கள் முகத்துக்கு வந்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்தி யன்னலைத் திறவுங்கள். அறைக்காற்று மாறிய பிறகு, பேனைப் போடாமல் ஹீட்டரை மட்டும் எரியவிட்டு இன்னொருமுறை பாருங்கள். இப்போது இழுபட்டால் பேன்தான் காரணம்: தரைக்கு அருகே ஒன்றும் கூரைக்கு அருகே ஒன்றுமாக, ஆறங்குலச் சதுரத் துவாரங்கள் வெளிச்சுவரில் விடுங்கள். நுளம்புவலை அடிக்க வேண்டாம், தூசி அடைத்துவிடும். அதன் பிறகும் திரும்பினால் பேனை அங்கிருந்து கழற்றுங்கள்.

பேன் நின்றும் இழுபடாவிட்டால் குழாயைப் பாருங்கள். படுக்கையாகப் போகும் பகுதி அடிக்குக் கால் அங்குலமாவது ஏற வேண்டும், இடையில் ஒடுங்கக் கூடாது. முனை கூரைக்கு மேல் இரண்டடி எழும்பி, காற்றுத் தடுக்கும் தொப்பியோடு இருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றும்போது உள்ளே குளவியின் மண்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.