கட்சினா உருவங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் ‘கச்சினா’ சாமி சிலையா, விளையாட்டுப் பொம்மையா?

பதில்: இரண்டும் இல்லை. பெயரும் கட்சினாதான், ஹோப்பி மொழியில் ‘ச்ச’ ஒலி கிடையாது. கட்சினாக்கள் மழையும் விளைச்சலும் தரும் ஆவிகள். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே உள்ள சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களில் வசிப்பவர்கள். குளிர்காலத்தில் ஊருக்கு வந்து, ஜூலையில் நிமான் என்ற விடைபெறும் சடங்கு முடிந்ததும் மலைக்குத் திரும்புவார்கள். அவர்களுடைய செதுக்குருவம் ‘திஹு’. சடங்கில் முகமூடி அணிந்து வரும் கட்சினாவே அதைச் சிறுமியின் கையில் கொடுக்கும். கைக்குழந்தைக்குக் கிடைப்பது தட்டையான சிறு பலகை உருவம். வீட்டில் சுவரிலோ உத்தரத்திலோ கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அடியில் பீடம் வந்ததே வாங்குகிறவர்களுக்காகத்தான்.

கேள்வி: எந்த மரம்?

பதில்: காட்டன்வுட் மரத்தின் வேர். பெயரைப் பார்த்துப் பருத்தி என்று நினைக்க வேண்டாம், அது பாப்லர் இனம். தண்ணீரைத் தேடி ஓடும் அந்த வேரில் மழை தருபவரைச் செதுக்குகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய திஹுக்களில் கைகள் வயிற்றோடு ஒட்டியிருக்கும். தனி விரல் கிடையாது, நாலு வெட்டுக் கோடு அவ்வளவுதான்.

கேள்வி: கழுகு இறகு வைத்தது வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி கழுகு இறகை விற்பதே குற்றம். நல்ல கலைஞர்கள் இறகையும் மரத்திலேயே செதுக்குகிறார்கள். ஹோப்பி அல்லாதவர் செய்ததை ஹோப்பி என்று விற்பதும் 1990 சட்டப்படி குற்றம். செய்தவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: திஹுவை ஹோப்பிகளே விற்கிறார்களே, கட்சினா முகமூடியை ஏலம் விட்டால் மட்டும் ஏன் கோபம்?

பதில்: திஹு பரிசாகக் கொடுக்கப்படுவது. முகமூடியை அவர்கள் ‘நண்பர்’ என்றுதான் சொல்வார்கள். உயிருள்ளதாக நினைத்து உணவு கொடுத்துப் பேணுவார்கள். அது தனி ஆள் சொத்தல்ல. வைத்திருப்பவருக்கு விற்கும் உரிமை இல்லாதபோது, வாங்கியவருக்கு உரிமை எங்கிருந்து வரும்? 2013 ஏப்ரல் 12-ல் பாரிஸ் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது, அன்றே ஏலம் நடந்தது. டிசம்பரில் மறுபடி ஏலம். அப்போது அமெரிக்காவின் அன்னன்பர்க் அறக்கட்டளை 5,30,000 டாலர் கொடுத்து 24 பொருட்களை எடுத்தது. திருப்பிக் கொடுப்பதற்காகத்தான்: 21 ஹோப்பிகளுக்கு, 3 அப்பாச்சி என்ற இன்னொரு பழங்குடியினருக்கு.

கேள்வி: வெளிநாட்டார் வாங்கியதால்தானே அவை அழியாமல் இருக்கின்றன?

பதில்: நண்பரைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதைக் காப்பாற்றுவது என்று என்னால் சொல்ல முடியாது. அதை எப்படி வைத்திருப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் ஹோப்பிகள்.

கேள்வி: என்னிடம் உள்ளதன் படம் அனுப்பினால் விலை சொல்வீர்களா? (மூன்று பேர்)

பதில்: மூவருக்கும் ஒரே பதில்: மாட்டேன்.

கேள்வி: சடங்கு நடனத்தைப் படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. வரையவும் கூடாது. கேமரா, ஃபோன், நோட்டு எல்லாவற்றையும் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.