வயிறு சின்னதாச்சு, தொதல் ஆசை சின்னதாகலையே!

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடமிருந்து இந்த முறை கடிதங்கள் கொஞ்சம் அதிகம், அதுவும் கீழக்கரையில் ஆரம்பித்துத் தொண்டி வரைக்கும் நம்ம கடற்கரைப் பக்கமாகவே வந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை, உணவு ஆலோசகர். 2018-இல் நானே ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொண்டவள். அதனால் படித்ததும் பட்டதும் கலந்துதான் வரும்.

கேள்வி: ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி 14 மாதம். 118 கிலோவில் இருந்து 79-க்கு வந்தேன், இப்போது 83. பசி அவ்வளவாக இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் கல்யாணம், பேர் வைப்பு, சபரில் (வெளிநாட்டுப் பயணத்தில்) இருந்து யாராவது வருகிறார்கள் என்று எப்போதும் ஒரு விசேஷம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற எங்கள் ஊர் இனிப்பு தொதலைப் பார்த்தால் கை தானாகப் போகிறது. வயிற்றை வெட்டின பிறகும் ஏன் இந்த ஆசை? ஒரு நாள் சாப்பாட்டை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன், திட்டாமல் சொல்லுங்கள் அக்கா.
– கீழக்கரை வாசகி

பதில்: திட்ட மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதையும் இல்லை. மூன்றாவது வருடத்தில் ஆறு கிலோ ஏறின ஆள் நான். பிரியாணியால் ஏறவில்லை, புரோட்டாவால் ஏறவில்லை, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாங்கின கடலை மிட்டாயால் ஏறினது. தினம் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் கைப்பையிலேயே ஒரு பாக்கெட்.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்த பகுதியில்தான், அதனால் முதல் சில மாதங்கள் பசி என்ற ஒன்றே மறந்துபோய் அலாரம் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, நானும் வைத்திருக்கிறேன். அது அப்படியே ஆயுசுக்கும் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வருடம் திரும்பும்போது பசி மெல்ல எட்டிப் பார்க்கும், மிச்சமிருக்கிற வயிறும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். நாக்கிலும் மூக்கிலும் யாரும் கத்தி வைக்கவே இல்லை. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து கொதிக்கிற வாசனை சின்ன வயதில் உங்களை எப்படி அடுப்படிக்கு இழுத்ததோ அப்படியேதான் இப்போதும் இழுக்கும், அதில் குற்றப்பட ஒன்றுமில்லை.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். காலையில் தேங்காய்ப்பால் ஊற்றி இரண்டு இடியாப்பம். பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். மதியம் நாலு கரண்டி சோறு, விளமீன் குழம்பு, பக்கத்திலேயே ‘மீன் பிள்ளைகளுக்கு, எனக்குக் குழம்பு போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் மிக்சர். ராத்திரி பசியில்லை என்று சால்னாவில் ஊறின அரைப் புரோட்டா. நடுநடுவே தொதல், ‘சும்மா ஒரு விள்ளல்’, நாலு தடவை. எனக்கு உறுத்தினது தொதல் கூட இல்லை, அந்த மீன் வரிதான். ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் துண்டு, சுமார் 100 கிராம், அதிலேயே 20 கிராம் கிடைத்துவிடும். உங்கள் பட்டியல் முழுவதையும் கூட்டினாலும் அந்த ஒரு துண்டுக்கு மேல் பெரிதாக ஏறவில்லை. கடற்கரையில் இருந்துகொண்டு மீனைப் பிள்ளைகள் தட்டுக்குத் தள்ளிவிட்டு, மாவும் சர்க்கரையும் தேங்காயுமாக ஒரு நாளை ஓட்டினால் சாயங்காலம் கை மிக்சர் டப்பாவுக்குப் போகாமல் எங்கே போகும்?

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மீன், முட்டை, கறி மாதிரி கெட்டியான சாப்பாடு சின்ன வயிற்றில் தங்கும், கொஞ்சத்திலேயே போதும் என்று தோன்றும். மிக்சர், முறுக்கு, பிஸ்கட் எல்லாம் மென்றால் கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், தொதல் வாயிலேயே பாதி கரைந்துவிடும். வயிறு நிறைந்தது என்று தடுக்க ஆளே இல்லை. ஒரு துண்டு மீனுக்கு மேல் சாப்பிட முடியாத அதே ஆள் ஒரு மணி நேரத்தில் ஒரு பொட்டலம் மிக்சரைக் காலி செய்வது இப்படித்தான். கூடவே டீயோ தண்ணீரோ குடித்தால் இன்னும் வேகமாக இறங்கும், அதனால்தான் சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரம் வரைக்கும் குடிக்காதீர்கள் என்கிறோம்.

நாளையிலிருந்து தட்டில் மீன் முதலில். அதை நன்றாக மென்று முடித்த பிறகு காய், இடமிருந்தால் சோறு. காலை இடியாப்பத்தை ஒன்றாக்கி, தேங்காய்ப்பாலுக்குப் பதில் இரண்டு முட்டை, அதிலேயே 12 கிராம் புரதம். தொதலை விட்டுவிடச் சொன்னால் நீங்கள் அலமாரிக்குப் பின்னால் நின்று சாப்பிடுவீர்கள், நான் கடலை மிட்டாயை அப்படித்தான் சாப்பிட்டேன். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் மீன் சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து, சுண்டுவிரல் அளவு ஒரு துண்டு. தொதல் பெட்டி வந்த அன்றே மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் ராத்தங்கக் கூடாது.

விசேஷ வீட்டைப் பற்றி ரொம்ப பயப்படுகிறீர்கள். சஹனில் (பொதுவான பெரிய தட்டில்) நாலைந்து பேர் சேர்ந்து உட்காரும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அது உங்களுக்கு வசதி, கறித்துண்டாகப் பார்த்து எடுத்து மெதுவாக மென்றுகொண்டே இருங்கள். ‘ஒரு வாய் எடுத்துக்கம்மா’ என்று வற்புறுத்துகிற லாத்தாவிடம் (அக்காவிடம்) ஆபரேஷன் கதையை எடுக்கவே எடுக்காதீர்கள், பத்து பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ‘டாக்டர் வேணாம்னுட்டார் லாத்தா’ என்று சொன்னால் நம் ஊரில் அதற்கு மேல் பேச்சு இல்லை. நாலு கிலோ ஏறினதைச் சர்ஜனிடமும் சொல்லிவையுங்கள், மறைக்காதீர்கள்.

கேள்வி: பைபாஸ் (வயிற்றுக்குத்தான், இருதயத்துக்கு இல்லை) பண்ணி அஞ்சு மாதம். வயது 46, போட் டிரைவர். மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருந்தபோது ரெண்டு டம்ளர் பதநீர் குடித்தேன், கால் மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிரட்டிப் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. மாரடைப்பா? பதநீர் உடம்புக்கு நல்லதுதானே?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: நீங்கள் சொல்கிற விதத்தைப் பார்த்தால் இது டம்பிங் (சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்குவதால் வருகிற தொல்லை) போலத்தான் இருக்கிறது. ஆனாலும் படபடப்பு என்பதால் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லி ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், நெஞ்சு வலி என்று வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது அண்ணே, நேராக ஆஸ்பத்திரி.

உங்கள் வயிற்றில் இப்போது சாப்பாடு தங்குகிற பை ஒரு முட்டை அளவுதான், அதிலிருந்து நேராகச் சிறுகுடலுக்குப் பாதை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய சர்க்கரை மொத்தமாகக் குடலில் கொட்டும்போது, அதைக் கரைக்க உடம்பு ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது, அந்தக் கலவரம்தான் வியர்வையும் படபடப்பும். பெரும்பாலும் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் வரும். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும், அது ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவதால், கை நடுங்கும், கண் இருட்டும், கடலில் வீல் பிடித்திருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பதநீரில் பத்து சதவீதத்துக்கு மேலேயே சர்க்கரை இருக்கிறது, இரண்டு டம்ளர் என்றால் நாற்பது கிராமைத் தாண்டிவிடும். மரத்திலிருந்து இறங்கினது, கருப்பட்டி நல்லது என்பதெல்லாம் உங்கள் குடலுக்குத் தெரியாது. பனை வேண்டுமென்றால் இளம் நுங்கு இரண்டு சுளை, மென்று.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருப்பதுதான் உங்களுக்கு நிஜமான கஷ்டம் என்று படுகிறது. கடிதத்தின் கடைசியில் ‘கூட்டாளிகளோடு எப்பவாவது’ என்று ஒரு வரி வேறு. பைபாஸுக்குப் பிறகு சாராயம் முன்னைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த சந்தோஷம் போனதும் அந்த இடத்தில் பாட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ‘எப்பவாவது’ கூட வேண்டாம். அந்த இரண்டு மாதமும் காலையில் வலை பின்னுகிற இடத்துக்கு நடந்தே போய் வாருங்கள். தண்ணீர் நாள் முழுக்க வாய் வாயாக, ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி நாலு மாதம், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எடைதான் குறைந்துவிட்டதே, சத்து மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?
– தொண்டி வாசகி, வயது 29

பதில்: நிறுத்தவே கூடாது, அது ஆயுசுக்கும் உண்டு. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டுவது வழக்கம், புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரைக்கு டீ ஆகாது. குழந்தை பற்றிக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்: 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள், டாக்டரிடம் பேசிவிட்டு.

கேள்வி: எனக்கு 63 வயசு தாயி. மருமகளுக்கு ஆபரேஷன் ஆகி மூணு மாசம். நெய் ஊத்தி, தேங்காய் அரைச்சு நான் எது வச்சாலும் ரெண்டு வாய்க்கு மேலே தொட மாட்டேங்குறா, டப்பா மாவைக் கலக்கிக் குடிக்கிறா. என் கைச்சாப்பாடு அவளுக்கு ஆகலையா?
– மண்டபம் வாசகி

பதில்: அம்மா, அந்த ரெண்டு வாய்தான் அவள் வயிறு. மூன்றாவது வாய் போனால் நெஞ்சை அடைத்து வாந்தி வரும், அதற்குப் பயந்துதான் மிச்சம் வைக்கிறாள், உங்கள் கையைக் குறை சொல்லி இல்லை. தினமும் வாந்தி வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், பி1 சத்து குறைந்து நரம்பைப் பாதிக்கும். வேண்டிய புரதத்தைச் சாப்பாட்டிலேயே எடுக்க முடிகிற வரைக்கும் அந்த டப்பா மாவு, அதாவது புரத மாவு, இருக்கட்டும்.

நெய்யையும் தேங்காயையும் அவள் பங்கில் குறைத்துவிடுங்கள். கோழி நெஞ்சுக்கறி காய்ந்து போய் அடைக்கும், மீன் அவ்வளவாக அடைக்காது, நம் பக்கத்தில் இருப்பதன் அதிர்ஷ்டம் அது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு வைத்துக் கொடுத்த கைதானே உங்களுடையது? அதையே எண்ணெய் குறைத்து, மிளகாய்க்குப் பதில் மிளகு போட்டு, ஈரப்பதமாக வையுங்கள். நண்டு வைத்தால் சதையை எடுத்துக் கொடுங்கள், கருவாடு உப்பு அதிகம், இப்போதைக்கு வேண்டாம். சாப்பாட்டுத் தட்டில் வைக்காதீர்கள், சட்னிக் கிண்ணமும் சின்னக் கரண்டியும் போதும். மிச்சம் வைத்தால் ‘இன்னும் ஒரு வாய்’ என்று சொல்லாமல் எடுத்து மூடி வைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அதையே சூடு பண்ணிக் கொடுங்கள்.