இடுப்பில் கத்தி: தங்கச்சிமடத்தில் சரி, சென்னையில்?

கேள்வி: தங்கச்சிமடத்தில் மாமாவோடு நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறேன். இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும், ஊரில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அடுத்த மாதம் சென்னையில் வேலைக்குச் சேர்கிறேன். கத்தி இல்லாமல் இருந்து பழக்கமில்லை. ஆன்லைனில், பட்டனை அழுத்தினால் விரியும் மடக்குக் கத்தி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 9 அங்குலத்துக்குள் இருந்தால் சட்டச் சிக்கல் இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

நம் கரையில் கத்தியைப் பார்ப்பவருக்கு அதன் வேலையும் சேர்ந்தே தெரிகிறது. வலை காலில் சுற்றிக்கொண்டால் அறுக்க வேண்டும், கயிறு நறுக்க வேண்டும். சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர் இடுப்பில் அரிவாள் பெட்டியோடு டீக்கடையில் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவர் பாளை சீவப் போகிறவர் என்று ஊருக்கே தெரியும். கருவை வெட்டப் போகிறவர் கையில் அரிவாள் இருப்பதும் அப்படித்தான். சென்னையில் பேருந்தில் பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் தொழில் தெரியாது. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிக் கைதானவர்களின் செய்தியைப் படித்தவர் அவர். பயப்படத்தான் செய்வார், அதில் தப்பும் இல்லை.

9 அங்குலக் கணக்கு ஆயுத விதிகளில் இருப்பதுதான். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அளவு குறைந்தால் எங்கும் எடுத்துப் போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ராத்திரி சோதனையில் “இது எதுக்கு?” என்று போலீஸ் கேட்டால் சொல்ல ஒரு வேலை இருக்க வேண்டும். “பழக்கம் சார்” என்பது பதிலாகாது. பட்டன் கத்தி என்றால் இன்னும் மோசம். டெல்லியில் 1980-லேயே, 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள அந்த மாதிரிக் கத்திகளைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தடை போட்டுவிட்டார்கள். சென்னைக்கு அந்த உத்தரவு பொருந்தாது, ஆனாலும் எந்த ஊர் போலீசும் அதை வேலைக்கான கத்தியாகப் பார்க்க மாட்டார்கள்.

படகுக்கும் மடக்குக் கத்தி ஆகாது. மூட்டுக்குள் உப்பும் மணலும் போய் இறுகிவிடும். மடங்காத கத்தி, உறை, தொலையாமல் இருக்க ஒரு கயிறு, இவ்வளவு போதும். பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி சீக்கிரம் கூர் ஏறும், ஆனால் உப்புக்காற்றில் துருவும் சீக்கிரம் ஏறும். பராமரிக்க நேரமில்லை என்றால் எவர்சில்வர் கத்தி எடுங்கள். இங்கே ஒரு விஷயம்: காந்தம் ஒட்டாததுதான் நல்ல எவர்சில்வர் என்று கடையில் சொல்வார்கள். பாத்திரத்துக்கு அது சரி, கத்திக்குச் சரியில்லை. பதம் ஏற்றிக் கெட்டிப்படுத்தக்கூடிய எவர்சில்வரில் காந்தம் ஒட்டும். ஒட்டாத கத்தி பெரும்பாலும் கரண்டி போல மெத்தென்று இருக்கும், கூர் நிற்காது.

அப்புறம், பட்டறையில் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்டால் கோபப்படாதீர்கள். வாங்குகிறவர்களின் விவரத்தைக் குறித்து வைக்கும்படி 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை அறிவுறுத்தியிருக்கிறது.

சென்னையில் அறையில் காய் நறுக்க ஒரு சின்னக் கத்தி, பார்சல் பிரிக்க ஒரு பேப்பர் கட்டர் போதும். மதுரையிலிருந்து விமானத்தில் போவதாக இருந்தால் இரண்டையும் கைப்பையில் வைக்காமல், கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். பழைய கத்தியை மாமாவின் படகிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் லீவுக்கு நீங்கள் வரும்போது அப்படியே இருக்கும்.