டான்சோங் ஊலாங் டீல பூ எசன்ஸ் கலக்குறாங்களா? அப்புறம் எதுக்கு இந்த விலை?

கேள்வி கேட்டவர் ஃபீனிக்ஸ் டான்சோங் (கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் நடுவுல வர்ற ஊலாங் வகை சீன டீ) ஒரு பாக்கெட் வாங்கி பிரிச்சிருக்கார், மல்லிகைப்பூவும் லிச்சியும் சேர்ந்தாப்ல ஒரு வாசனை தூக்குச்சாம், இது எசன்ஸ் போட்டதுதானேன்னு சந்தேகப்படுறார்.

நல்ல டான்சோங்ல பூவும் கிடையாது எசன்ஸும் கிடையாதுங்க. அந்த வாசனைல பாதி மரம் குடுக்குறது, மீதி ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு இலையை பக்குவம் பண்றவங்க கை குடுக்குறது. நான் சிங்கப்பூர்ல இருக்கேன், இங்க தியோச்சூ சீனர்கள் நிறைய, அவங்க பூர்வீகமே இந்த டீ விளையற சாவ்ஜோ பக்கம்தான். எங்க பிளாக்ல ஒரு தியோச்சூ அங்கிள் ஊத்திக் குடுத்து பழக்கினதுல இருந்து எனக்கு இந்த டீ மேல அவ்வளவு பிரியம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ஊர் தெற்கு சீனாவுல குவாங்டாங் மாகாணத்தோட கிழக்கு ஓரம். சாவ்ஜோ நகரத்துக்கு வடக்க ஃபெங்ஹுவாங் மலை, அதாவது ஃபீனிக்ஸ் மலை. அதுல வூதுங்னு ஒரு சிகரம், ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம், பழைய மரங்கள் நிறைய நிக்கிறது அங்கதான். எஸ்டேட்ல இடுப்பளவுக்கு வெட்டி விட்ட செடி வரிசையை நினைச்சுக்காதீங்க, இது நிஜமாவே மரம், கிளை விட்டு உயரமா வளரும், ஏணி போட்டு ஏறித்தான் பறிக்கணும். 200 வருஷத்துக்கு மேல வயசான மரங்கள் இன்னும் இலை குடுத்துக்கிட்டு இருக்கு. 1279ல சோங் வம்சம் முடியறதுக்கு முன்னாடி, மங்கோலியர்கள்கிட்ட இருந்து தப்பி ஓடின சின்ன வயசு ராஜா இந்த மலைப்பக்கம் தாகத்துக்கு இந்த இலையைத்தான் குடிச்சார்னு அங்க ஒரு கதை சொல்லுவாங்க, ரொம்ப பழைய மரங்களை இன்னைக்கும் "சோங் வகை"ன்னுதான் கூப்பிடுறாங்க.

அரிதுங்கிற விஷயம் எங்க வருதுன்னா, இந்த மரங்கள் எல்லாம் ஆதியில விதை போட்டு வந்தது, அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒரு மரத்து இலைல ஆர்க்கிட் வாசம் வரும், பக்கத்து மரத்துல பாதாம் வாசம் வரும். ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுச்சு. அதனால ஒவ்வொரு மரத்தையும் தனியா பறிச்சு, தனியா பதம் பண்ணி, தனியா வச்சாங்க, "டான்சோங்"னாலே தனி மரம்னுதான் அர்த்தம். ஒரு கிலோ டீக்கு நாலஞ்சு கிலோ பச்சை இலை வேணும், ஒரு கிழட்டு மரத்துல வருஷத்துக்கு எவ்வளவு கிடைச்சிடும் சொல்லுங்க. வாசனை நல்லா இருந்த மரத்துல இருந்து கிளையை வெட்டி, நம்மூர்ல ஒட்டு மாங்கன்னு போடுற மாதிரி வேற மரத்துல ஒட்டி பெருக்கினாங்க, இன்னைக்கு கடைல கிடைக்கிற தேன்-ஆர்க்கிட் வாசனை ரகம் எல்லாம் இப்படி பெருகினதுதான். இந்த ஒட்டு மரத்து டீ நியாயமான விலைல கிடைக்கும், நல்லாவும் இருக்கும். சொத்தை வித்து வாங்குற விலைன்னா அது பழைய ஒத்தை மரத்து டீ.

ரகங்கள்ல ஒண்ணுக்கு பேரே "வாத்து எச்ச வாசனை". பயப்படாதீங்க, அருமையான பூ வாசம். அடுத்தவன் கிளையை வெட்டிட்டு போயிடக்கூடாதுன்னு அந்த மரத்தை வச்சிருந்தவர் வேணும்னே கேவலமா பேர் வச்சார்னு சொல்லுவாங்க.

சரி பக்குவத்துக்கு வரேன், எனக்கு பிடிச்ச பகுதியே இதான். வசந்த காலத்துல, வெயில் நல்லா அடிக்கிற நாளா பாத்து மத்தியானத்துக்கு மேல பறிப்பாங்க, பனி ஈரமோ மழை ஈரமோ இலைல இருக்கக்கூடாது. வெறும் கொழுந்து ஆகாது, கொஞ்சம் விரிஞ்ச இலைதான் வேணும். சாயங்கால வெயில்ல கொஞ்ச நேரம் வாட விட்டு, உள்ள கொண்டு போய் ஆற வச்சு, பெரிய மூங்கில் தட்டுல பரப்புவாங்க. அதுக்கப்புறம் ரெண்டு கையையும் இலைக்கு அடில விட்டு மெதுவா தூக்கி தூக்கி, இலையோட ஓரம் ஒண்ணோட ஒண்ணு மோதுற மாதிரி போடணும். அழுத்தக்கூடாது, கசக்கக்கூடாது. முதல்ல ரொம்ப லேசா, அப்புறம் ரெண்டு மணி நேரம் போல சும்மா விட்டுட்டு மறுபடி கொஞ்சம் அழுத்தமா, இப்படியே அஞ்சாறு தடவை விடிய விடிய நடக்கும். ஓரம் மட்டும் அடிபட்டு சிவக்கும், நடுவுல பச்சையாவே இருக்கும், பச்சை இலை நாத்தம் போய் பூ வாசம் கிளம்பும். அந்த வாசம் வர்ற நேரத்தை பிடிச்சு உடனே சூடான சட்டில போட்டு வறுத்து, இலை மேற்கொண்டு சிவக்காம நிறுத்தணும். கொஞ்சம் தாமதிச்சா போச்சு, மொத்த வருஷ இலையும் வீண்.

இங்கதான் உங்க சந்தேகத்துக்கு பதில் இருக்கு. இலை திரும்ப திரும்ப அடிபடும்போது அது தன்னை காப்பாத்திக்கிறதுக்காக சில வாசனைப் பொருட்களை சுரக்குது, இண்டோல், ஜாஸ்மின் லாக்டோன் எல்லாம் அதுல வரும். மல்லிகைப்பூவோட மணத்துல இருக்கிறதும் இதே பொருட்கள்தான்! உங்க மூக்கு தப்பா சொல்லல, பூ இல்லாமலேயே பூ வாசம்.

அப்புறம் நீளமா முறுக்கி காய வச்சு, சாம்பல் மூடின கரி நெருப்புல மூங்கில் கூடைல வச்சு பல தவணையா வாட்டுவாங்க, அதுக்கே வாரக்கணக்குல ஆகும்.

எசன்ஸ் போட்ட மட்டமான சரக்கும் மார்க்கெட்ல இருக்கு, அதனால வீட்லயே பாத்துக்கோங்க. 100 மில்லி பிடிக்கிற சின்ன பாத்திரத்துல 7 கிராம் இலை போட்டு, நல்லா கொதிக்கிற தண்ணி ஊத்தி, சில நொடியிலயே வடிச்சிடுங்க, ஊற விட்டா கசக்கும். பால் சர்க்கரை தயவுசெஞ்சு வேண்டாம். எசன்ஸ்னா முதல் தண்ணி கமகமன்னு இருக்கும், ரெண்டாவது மூணாவதுல வாசமே காணாம போயிடும். நல்ல டான்சோங் ஏழெட்டு தடவை ஊத்தினாலும் மணக்கும், குடிச்சு முடிச்ச காலி கப்புலயும் வாசம் இருக்கும். கடைசியா ஊறின இலை ஒண்ணை எடுத்து தட்டுல விரிச்சு பாருங்க, ஓரத்துல செம்பழுப்பா ஒரு கோடு, நடுவுல பச்சை தெரியணும். கரி நெருப்புல ரொம்ப வாட்டின ரகத்துல மட்டும் இந்த நிற வித்தியாசம் அவ்வளவா தெரியாது, அதுக்கு ஊத்திப் பாக்குறதுதான் சரி.