பொதிகை அடிவாரத்தில் சரள் பாதைச் சவாரி: 'அனுமதியோடு அழைத்துப் போகிறேன்' என்பவரை நம்பலாமா?

வாசகர் கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன், வயது 44. மண்பாதையிலும் ஓட்டக்கூடிய, 40 மி.மீ. டயர் கொண்ட கிராவல் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். நானும் என் மைத்துனரும் அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் ஓட்ட விரும்புகிறோம். ஒருவர், ஆளுக்கு 3,500 ரூபாய் கொடுத்தால் வனத்துறை அனுமதியோடு காரையாறு, மாஞ்சோலைக் காட்டுப் பாதைகளில் அழைத்துப் போவதாகச் சொல்கிறார். 1,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். அந்த அனுமதி செல்லுமா? செல்லாது என்றால் வேறு எங்கே ஓட்டுவது?

பதில்: போகாதீர்கள். உங்கள் பெயரும் பயணத் தேதியும் குறிக்கப்பட்ட, உரிய அதிகாரி கையொப்பமிட்ட கடிதத்தைப் புறப்படுவதற்கு முன்பே அவர் உங்கள் கையில் கொடுக்காத வரையில், அவரிடம் இருப்பது அனுமதி அல்ல. அவரிடம் இருப்பது யாரோ ஒரு வனக்காவலரின் கைப்பேசி எண் மட்டுமே.

சட்டத்தின் நுணுக்கங்கள் உங்களுக்குத் தேவையில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும். களக்காடு, முண்டந்துறை என்னும் இரண்டு சரணாலயங்களையும் இணைத்து 1988ஆம் ஆண்டு புலிகள் காப்பகம் அமைத்தார்கள். காரையாறும் சேர்வலாறும் மாஞ்சோலையும் அதற்குள் அடங்கியவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதையும், 28ஆம் பிரிவு எந்த நோக்கத்துக்காக அனுமதி வழங்கலாம் என்பதையும் சொல்கின்றன. சுற்றுலாவும் அந்த நோக்கங்களில் ஒன்றுதான். ஆனால் அனுமதி விண்ணப்பித்தவருக்குத்தான் கிடைக்குமே தவிர, ஒருவர் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு வாரந்தோறும் வேறு வேறு ஆட்களுக்கு விற்பதற்கு அது பேருந்துச் சீட்டு அல்ல. அனுமதியின்றி நுழைந்து பிடிபட்டால் 51ஆம் பிரிவின்படி சிறையும் அபராதமும் விதிக்க இடமுண்டு. வண்டியையும் கைப்பற்றலாம். வழக்கு உங்கள் பெயரிலும் உங்கள் மைத்துனர் பெயரிலும்தான் பதிவாகும். அழைத்துப் போனவர் அன்று காலையிலேயே ஊருக்குத் திரும்பியிருப்பார்.

"அண்ணாச்சி, கேட்டுல நிக்கது நம்ம பயதான், நீங்க வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்ற பேச்சைப் பல ஆண்டுகளாகப் பலரிடமிருந்து கேட்டு வருகிறேன். சொல்பவர் மாறுகிறார், வாசகம் மாறுவதில்லை. இப்போது அதற்குத் துணையாகக் கைப்பேசி வரைபடம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. முன்பு யாரோ ஓட்டிப் பதிவு செய்த கோடு காட்டுக்குள் ஓடுவதைத் திரையில் காட்டி, "இத்தனை பேர் போன பாதைதானே" என்கிறார்கள். அந்தக் கோடு ரோந்து போன வனக்காவலருடையதாக இருக்கலாம், தோட்டத்தில் வேலை செய்தவருடையதாக இருக்கலாம், உங்களைப் போலவே ஏமாந்த ஒருவருடையதாகவும் இருக்கலாம். வரைபடத்தில் பாதை தெரிகிறது என்பதற்கு, அங்கே பாதை இருக்கிறது என்பதற்கு மேல் பொருள் எதுவும் இல்லை.

விதிவிலக்குகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இடைத்தரகர்கள் அதையே பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். பொது நெடுஞ்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து செல்பவருக்கு அனுமதி வேண்டியதில்லை என்று 27ஆம் பிரிவு சொல்வது உண்மை. "காரையாற்றுக்கு அரசுப் பேருந்து போகிறது, ஆகவே அது பொதுச்சாலை, ஆகவே சைக்கிளும் போகலாம்" என்பது அவர்கள் கணக்கு. 'கடந்து செல்லுதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதுதான் கடந்து செல்லுதல். செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 மலையைக் கடந்து கேரளத்துக்குள் இறங்குகிறது. அதில் சைக்கிள் ஓட்டுபவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. காரையாற்றுச் சாலையோ அணையோடு முடிகிறது. மணிமுத்தாறு வழியாக ஏறும் சாலை மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று காட்டுக்குள்ளேயே முடிந்து போகிறது. உள்ளே போய் வந்த வழியே திரும்புவதைக் கடந்து செல்வதாகக் கொள்ள முடியாது என்பதே என் வாசிப்பு. சோதனைச் சாவடியில் நிற்பவர் எந்த நேரத்தில், எந்த வண்டியை, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் அதனால்தான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் போவதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களும் உண்டு. அது திருவிழாவுக்காகக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் செய்யப்படும் ஏற்பாடு. அண்மை ஆண்டுகளில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டுச் சிறப்புப் பேருந்தில்தான் பக்தர்களை அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து சைக்கிளுக்கு எந்த உரிமையும் பிறக்காது.

இடைத்தரகர் பிழைப்பதற்கு இடம் கொடுத்தது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிதிவண்டியில் வருபவர் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று தெளிவான தமிழில் நான்கு வரி எழுதி ஒரு பலகை வைத்தால் இந்தத் தொழிலில் பாதி ஒரே மாதத்தில் படுத்துவிடும். ஒருமுறை முறைப்படி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஓர் அலுவலகத்துக்கு எழுத்து மூலமாக விண்ணப்பித்தேன். அங்கிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அந்த அலுவலகத்தில் முதல் அலுவலகத்தையே கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது வாரத்தில் ஓர் ஊழியர், 'எதற்கு இவ்வளவு சிரமம், இன்னாரைப் பாருங்கள், அவர் முடித்துக் கொடுப்பார்' என்று ஒரு தரகரின் பெயரைச் சொன்னார். நேர்வழியில் வருபவரை அலையவிட்டு, குறுக்கு வழிக்காரருக்கு வாசலைத் திறந்து வைக்கும் இந்த ஏற்பாடு மாறாத வரையில் உங்களைப் போன்றவர்கள் ஏமாந்துகொண்டேதான் இருப்பார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியிருக்கும் வண்டிக்கு உகந்த பாதை காட்டுக்குள் இல்லை. தாமிரபரணியின் கால்வாய்க் கரைகளில் இருக்கிறது. சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சி வரை, ஏறத்தாழ 15 கிலோமீட்டர், கன்னடியன் கால்வாயை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். மேற்கே போகும்போது ஆறு வலப்பக்கம் எங்கோ வயலுக்கு அப்பால் இருக்கும், எதிரே பொதிகை நிற்கும், கரை செம்மண்ணும் சரளும் கலந்து இறுகிக் கிடக்கும். ஒரு பசு நடந்த வழியே வெட்டிய கால்வாய் இது என்றும், பசு படுத்த இடங்களில் குளம் வெட்டினார்கள் என்றும் இப்பக்கத்தில் கதை சொல்வார்கள். கரையோடு வளைந்து வளைந்து ஓட்டும்போது அந்தக் கதையை நம்பத் தோன்றும். கரை முழுக்கத் தொடர்ச்சியாக ஓட்ட முடியாது. வீடுகள் நெருங்கும் இடத்திலும் கான்கிரீட் போட்ட இடத்திலும் அடுத்த பாலத்தில் இறங்கி ஊர்ச்சாலையைப் பிடித்து, மறுபடி கரையேற வேண்டும். இரயில் பாதையும் இதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு போவதால் வழி தவறினாலும் ஏதாவது ஒரு நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். காலையில் படித்துறைகளில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். தூரத்திலேயே மணியடித்து, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்து போங்கள். தலைக்கவசத்தில் கேமரா பொருத்தியிருந்தால் அங்கே அதை அணைத்துவிடுங்கள். கால்வாய்க் கரை நீர்வளத் துறையின் ஆய்வுப் பாதை என்பதால், கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது, எங்கே தூர்வாரிய மண்ணைக் குவித்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதற்கு அவர் பணமும் கேட்பதில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். விடிந்ததும் மேற்கு நோக்கிப் புறப்பட்டு எதிர்காற்றை முதலில் முடித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை நடக்கும். அறுவடை இயந்திரம் போன தடம் காய்ந்து பள்ளமாக நிற்கும் என்பதால் அப்போது வேகம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் கலந்த பாதைப் பக்கமே போகாதீர்கள், சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையில் மண் அப்பிக்கொண்டு வண்டி நகராது.

நம் ஊரில் சைக்கிள் ஓட்டியை வீட்டுக்கு அனுப்புவது வெயில் அல்ல, முள். குடைபோல் விரிந்து நிற்கும் உடைமரத்தின் முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் சாதாரண டியூபை ஒரே காலையில் மூன்று முறை பஞ்சராக்கும். டியூப் இல்லாத முறைக்கு மாற்றி, உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள். நம் வெப்பத்தில் அது இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். கடைக்காரர் டயரில் காற்றைக் கல் போல அடித்துத் தருவார்; 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. டயரில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். ஏறிய முள்ளை உடனே பிடுங்காதீர்கள், திரவம் துளையை அடைக்கும்படி, முள் ஏறிய இடம் கீழே வருமாறு முதலில் உருட்டிக்கொண்டு பிறகு எடுங்கள்.

மலையை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஆழ்வார்குறிச்சியிலிருந்து கடையம் வரையிலான வயல் வழிகளில் ஓட்டலாம். செல்லம்மாவின் ஊரான கடையத்தில் பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்தார். அந்தப் பக்க அடிவாரக் கிராமங்களில் கரடியும் சிறுத்தையும் ஊருக்குள் வந்து போகின்றன. ஆகவே நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே திரும்பிவிட வேண்டும், மலைப் பக்கம் திரும்பும் கிளைப்பாதை எதிலும் நுழையக் கூடாது. தெற்கே நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டிப் பக்கக் குளத்துக் கரைகளும் நல்லவை. கூந்தன்குளத்தில் மட்டும் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் வண்டியை ஊரில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சாத்தான்குளத்துக்குக் கிழக்கே உள்ள தேரிக்காட்டுக்கு இந்த டயர் உதவாது. செம்மணலில் சக்கரம் புதையும்.

கொடுத்த முன்பணத்தைப் பற்றி: இன்றே அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். 'எங்கள் இருவர் பெயரிலும் பயணத் தேதியிலும் வழங்கப்பட்ட அனுமதிக் கடிதத்தின் நகலை மூன்று நாளுக்குள் அனுப்பவும், இல்லையெனில் 1,000 ரூபாயைத் திருப்பித் தரவும்' என்ற அளவில் எழுதினால் போதும், தொலைபேசியில் பேசாதீர்கள். பணம் அனுப்பிய பதிவையும் அவர் 'அனுமதியோடு' என்று எழுதிய செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணம் திரும்ப வராவிட்டால் அந்த இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு ஏற்புச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவரே திடீரென்று ஒரு கடிதத்தை அனுப்பினால், அதில் உள்ள கையொப்பத்தையும் எண்ணையும் அம்பாசமுத்திரத்தில் உள்ள காப்பக அலுவலகத்தில் நேரில் காட்டிச் சரிபார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.